தெற்கே போனவளுக்கு வடக்கே ஒரு வேண்டுதல்

அத்தியாயம் 14

பொய் சொல்லிவிட்டுப் புறப்பட்டவர்களுக்குத் தூக்கம் வராது என்பார்கள். ஃபுமியே அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். எழுந்ததும் முதலில் உறுத்தியது அதுதான்.

காலை நாலரைக்கு, யாரும் எழுப்பாமலே கண் திறந்துகொண்டது. இன்றைக்கு ஷீமீ ஞாயிறு. குடும்பம் மொத்தமும் முன்னோர் கல்லறையில் கூடிப் படையல் வைத்து, அங்கேயே வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும் நாள். முப்பத்திரண்டு வருடமாக இந்த நேரத்துக்கு அவள் விரலிடுக்கில் மாவு ஒட்டியிருக்கும், எண்ணெயில் மீன் துண்டுகள் குதித்துக்கொண்டிருக்கும். பழக்கதோஷத்தில் கை இருட்டில் சமையல் அங்கியைத் தேடியது. அகப்பட்டது கப்பல்காரர்கள் கொடுத்த குளியல் அங்கி. பூனைக்குட்டியின் வயிறு மாதிரி அத்தனை மென்மை.

ஒகினாவாவில், நாஹா நகரத்தின் ஓரோகு தெருவுக்குத் தெரிந்த கதை ஒன்று. யோனாமினே வீட்டு மூத்த மருமகளுக்கு முழங்கால் படுத்துகிறது, ஃபுகுவோகாவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள், மகள் கானாகோ ஓஸகாவிலிருந்து வந்து கூடவே இருக்கிறாள், பாவம்.

தெருவுக்குத் தெரியாத கதை இன்னொன்று. அந்த மருமகள் வடக்கே போகவே இல்லை. நேர் எதிராக, தென்மேற்கே விமானம் ஏறி இஷிகாகியில் இறங்கி, 'மாஹாயே' என்ற வெள்ளைக் கப்பலில் படுத்திருக்கிறாள். மாஹாயே என்றால் தென்றல். மொத்தமே இருபது அறைகள். தலையணையை எப்படி வைத்தால் கழுத்துக்குச் சுகம் என்று கேட்டு எழுதிக்கொள்ள ஒரு ஆள். தீவு தீவாக நின்று, ரப்பர் படகில் இறக்கிவிட்டு, திரும்பி வந்தால் கால் கழுவ வெந்நீரோடு நிற்கும் உபசாரம்.

எல்லாம் கானாகோவின் ஏற்பாடு. "அம்மா ஒரு தடவையாவது யாருக்கும் சமைக்காம நாலு நாள் இருக்கணும்" என்று ஆறு மாதம் முன்பே பதிவு செய்துவிட்டாள். இருந்தது ஒரே ஒரு தேதி. அந்தத் தேதிக்குள் ஷீமீ ஞாயிறு உட்கார்ந்திருந்ததை ஓஸகாவிலிருக்கும் பெண் எங்கே கவனித்தாள்?

பொய்யைக் கூட மன்னித்துவிடலாம். அதை எங்கே நின்று சொன்னாள் என்பதுதான் ஃபுமியேயின் நெஞ்சில் முள்.

புறப்படுகிற அன்று அடுப்படியில் ஹினுகானுக்கு முன்னால் நின்றாள். வெளியூர் போகிறவள் அடுப்புத் தெய்வத்திடம் இன்ன ஊருக்குப் போகிறேன், இன்ன நாள் வருவேன், அங்கே காத்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தானே கிளம்ப வேண்டும்? உண்மையைச் சொல்லத்தான் வாய் திறந்தாள். பின்னால் செருப்புச் சத்தம். நாத்தனார் ஸெட்ஸுகோ, கையில் வெள்ளைப்பூண்டுக் கட்டோடு.

"ஃபுகுவோகா ஆஸ்பத்திரிக்குப் போறேன். காப்பாத்துங்க" என்று முடித்துக்கொண்டாள் ஃபுமியே.

ஆக, தெய்வத்திடமும் தப்பு விலாசம். இந்த நிமிடம் ஹினுகான் ஃபுகுவோகாவில் வார்டு வார்டாகத் தேடிக்கொண்டிருக்கும். வருடக் கடைசியில் மேலுலகத்துக்குப் போய் வீட்டு நடப்பையெல்லாம் ஒப்பிக்கிற தெய்வம் வேறு. இதை அங்கே எப்படிச் சொல்லுமோ!

---

எட்டு மணிக்கு மேல்தளத்துக்குப் படியேறினாள். பதினேழு படி. ஏறி முடித்த பிறகுதான் உறைத்தது, கைப்பிடியைத் தொடவே இல்லை.

"பாத்தியா, வலியே இல்ல" என்றாள் கானாகோ, அன்னாசித் துண்டை மென்றுகொண்டே.

"அதாண்டி பயமா இருக்கு."

"வலி இல்லன்னா பயப்படற ஒரே ஆள் நீதாம்மா."

எதிரே இரியோமோத்தே தீவு பச்சையாகப் புடைத்துக்கொண்டு நின்றது. அலையாத்திக் காட்டிலிருந்து ஆற்று வாடை வந்தது. ஃபுமியேயின் கண் தீவில் இல்லை, கைக்கடிகாரத்தில் இருந்தது. இந்நேரம் பன்றி இறைச்சி வெந்திருக்கும். கடற்பாசியை முடிச்சுப் போட ஆரம்பித்திருப்பார்கள்.

"அத்தைகிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே, கப்பல்ல போறேன்னு?"

"சொல்லலாம்! உனக்கென்ன, ஓஸகாவுல உக்காந்துக்கிட்டு." ஃபுமியே தேநீர்க் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். "மூத்த மருமக 'எனக்கு முடியல'ன்னு சொல்லலாம் கானாகோ. 'எனக்கு வேண்டாம்'னு சொல்ல முடியாது. முடியலன்னா கஞ்சி வச்சுக் கொடுப்பாங்க. வேண்டாம்னா?"

கானாகோ மெல்லுவதை நிறுத்தினாள். அவள் யாருக்கும் மூத்த மருமகள் ஆகவில்லை இன்னும்.

பக்கத்து மேசையிலிருந்து ஹோஷிகாவா அம்மாள் கையசைத்தாள். டோக்கியோக்காரி, எழுபது வயது, காலைச் சாப்பாட்டுக்கே முத்துமாலை. ஃபுமியே ஒகினாவாக்காரி என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து மீன் பெயர், மரப் பெயர், மேகத்தின் பெயர் வரைக்கும் இவளைத்தான் கேட்பாள். காசு கொடுத்து ஏறிய கப்பலில் காசில்லாமல் ஒரு வழிகாட்டி.

---

பதினொன்றரைக்குத் தொலைபேசி நடுங்கியது. கணவர் மொரிஹிதே. படம் திறந்தது. முகம் தெரியவில்லை, ஒரு காதும் அதன் பின்னால் சாம்பல் நிறச் சுவரும்தான் தெரிந்தன.

"எங்கேங்க இருக்கீங்க?"

"கல்லறைக்குப் பின்னாடி" என்று கிசுகிசுத்தார். "ஒண்ணுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். பெரிய பாவம், இங்க வந்து இதைச் சொன்னது."

யோனாமினே குடும்பக் கல்லறை ஆமை முதுகு வடிவத்தில் மேடாக இருக்கும். அந்த ஆமையின் வால் பக்கம், குடும்பத்தின் மூத்த மகன், அறுபது வயது மனிதர், திருட்டுத்தனமாகக் குந்தியிருந்தார்.

"படையல் ஆச்சா? மீன் யாரு பொரிச்சது?"

"எல்லாம் அக்காதான். ராத்திரி பூரா நின்னுக்கிட்டே செஞ்சிருக்கா. கடையில வாங்கிக்கலாம்னு நான் சொன்னதுக்கு, 'ஃபுமியே இருந்தா வாங்குவாளா?'ன்னு என் வாயை அடைச்சுட்டா."

ஸெட்ஸுகோ இப்படிப் பேசக்கூடியவளா? புருஷன் போன பிறகு பதினெட்டு வருடமாக இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள். "உப்பு ஒரு சிட்டிகை கூடிப்போச்சு" என்று ஒவ்வொரு ஷீமீக்கும் சொல்லி, முப்பத்திரண்டு சிட்டிகை உப்பை ஃபுமியேயின் தலையில் கொட்டியவள்.

"அது மட்டும் இல்ல. படையல் முடிஞ்சதும் எல்லாரையும் திரும்பி உக்காரச் சொல்லிட்டா."

"எங்கே திரும்பி?"

"வடக்கே. ஃபுகுவோகா பக்கம். உன் முழங்காலுக்காக. தூரத்துல இருக்கறவங்களுக்கு அந்தத் திசை பாத்து வேண்டிக்குவோமில்ல, அது. பெரியவங்க, குழந்தைங்க, நாப்பது பேரு. மொத்த வம்சமும் உனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வேண்டிக்கிட்டு இருக்கு ஃபுமியே."

"நீங்க?"

"நானும் வடக்கேதான். நான் மட்டும் தென்மேற்கே பாத்து உக்காந்தா கேக்க மாட்டாங்களா?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஃபுமியே கப்பல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கைப்பிடி இப்போதுதான் தேவைப்பட்டது.

"அக்கா கல்லுத் தரையில மண்டி போட்டு அரை மணியாச்சு. உன் காலை விட அவ கால் மோசம், உனக்கே தெரியும். எழுந்திரின்னா கேக்க மாட்டேங்கறா. என்ன நேந்துக்கிட்டா தெரியுமா? 'ஃபுமியே நல்லபடியா நடந்து வந்தா, இனிமே அவ சமையல்ல குறை சொல்ல மாட்டேன்'னு. முன்னோருங்க முன்னாடி. சத்தமா."

ஃபுமியேயின் கை தானாக முழங்காலுக்குப் போனது.

"இன்னும் இருக்கு" என்றார் மொரிஹிதே. காது மறைந்து ஒரு கண் தெரிந்தது. "படைச்ச பெட்டியில உன் பங்கைத் தனியா எடுத்து வச்சிருக்கா. நாளைக்குக் காலையில ஃபுகுவோகாவுக்கு விமானம். டிக்கெட் எடுத்துட்டா."

"விமானமா? அக்காவா?"

ஸெட்ஸுகோ பிறந்தது முதல் விமானத்தில் ஏறியதில்லை. 'ஆகாசத்துல போறதுக்கு நான் என்ன காக்காயா?' என்பவள். தன் மகன் கல்யாணத்துக்கே கப்பலில் ஒன்றரை நாள் போனவள்.

"படைச்ச சோறு நோயாளி வயித்துக்குள்ள போகணுமாம். தபால்ல அனுப்பினா சக்தி போயிடுமாம். நான் என்ன சொல்லித் தடுக்கறது? நீயே சொல்லு. ஐயோ, வர்றா, வர்றா..."

படம் கறுத்தது.

---

பகல் சாப்பாட்டு மணி அடித்தது. கானாகோ வந்து இழுத்துக்கொண்டு போனாள். "அப்பா ஏதாவது சமாளிச்சுப்பார் வாம்மா" என்றாள். அப்பாவின் சமாளிப்பு எப்படிப்பட்டது என்று அம்மாவுக்குத் தெரியும்.

மேசையில் உட்கார்ந்த ஃபுமியேயின் முன்னால் ஒரு கறுப்பு அரக்குப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்தில் தங்க எழுத்தில் ஒரு அட்டை. 'இன்று ஷீமீ. ஒகினாவாவின் முன்னோர் விருந்து, எங்கள் சமையற்காரர் கைவண்ணத்தில்.'

எதிலிருந்து தப்பி ஓடி வந்தாளோ, அது கடல் தாண்டி வந்து முன்னால் உட்கார்ந்துகொண்டது.

மூன்று வரிசை, ஒன்பது வகை. வறுத்த தோஃபு, மீன், பர்டாக் கிழங்கு, எல்லாம் இருந்தன. விரல் நகம் அளவு, நகைக்கடைக் கண்ணாடிக்குள் வைத்தாற்போல. முன்னோர் சாப்பிடுவதற்கு முன்னால் இவள் எப்படி வாய் வைப்பது? குச்சியைக் கீழே வைத்துவிட நினைத்தவளின் பார்வை நடு வரிசையில் தடுக்கி நின்றது.

பன்றி இறைச்சி. தோல் கீழே, சதை மேலே. பக்கத்தில் கடற்பாசி, முடிச்சு இல்லாமல் மட்டமாக மடித்து.

தோல் மேலே இருந்தால் நல்ல நாள். தோல் கீழே இருந்தால் சாவுச் சடங்கு. ஓரோகுவில் ஆறு வயதுப் பெண்ணுக்குக்கூடத் தெரியும்.

எதுவும் யோசிக்கவில்லை. குச்சியால் தன் இறைச்சியைப் புரட்டிப் போட்டாள். கானாகோவின் பெட்டியிலும் புரட்டினாள். கை நீண்டு ஹோஷிகாவா அம்மாளின் பெட்டிக்குப் போனது.

"என்ன, என்ன?" என்று முத்துமாலையைப் பிடித்துக்கொண்டாள் அவள்.

"ஒரு நிமிஷம். சாப்பிடாதீங்க."

"அம்மா, உக்காரு" என்று பல்லைக் கடித்தாள் கானாகோ.

ஃபுமியே உட்காரவில்லை. அடுத்த மேசை, அதற்கடுத்த மேசை. "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று குனிந்து குனிந்து, முப்பது பயணிகளின் இறைச்சியையும் ஒன்று விடாமல் புரட்டிப் போட்டாள். ஒருவர் பாதி கடித்துவிட்டிருந்தார். மீதிப் பாதியைப் புரட்டினாள்.

சமையற்காரர் வெள்ளைத் தொப்பியோடு ஓடி வந்தார். டோக்கியோப் பையன் முகம், வியர்த்திருந்தது.

"எதாவது தப்பா இருக்குங்களா?"

"கப்பல்ல யாராவது செத்துட்டாங்களா?"

"ஐயையோ, இல்லீங்களே!"

"அப்புறம் ஏன் தோலைக் கீழ வச்சீங்க? கடற்பாசியில முடிச்சு எங்கே?"

அவர் சடாரென்று இடுப்பு வரை வளைந்து மன்னிப்புக் கேட்டார். "படத்துல சதைப் பக்கம் அழகாத் தெரிஞ்சுது, அதான்..." என்றார்.

இடத்துக்குத் திரும்பியபோது முழுக் கப்பலும் ஃபுமியேயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹோஷிகாவா அம்மாளுக்குக் கண் பளபளத்தது. இதை டோக்கியோவில் எத்தனை பேரிடம் சொல்லலாம் என்ற கணக்கு அந்தக் கண்ணில் ஓடியது.

"அப்போ இன்னிக்கு உங்க வீட்டுலயும் இந்த விருந்துதானா? நீங்க இங்க இருக்கீங்களே, அங்க யாரு செய்யறாங்க?"

"என் நாத்தனார்."

"அவங்க சரியா வச்சிருப்பாங்களா?"

"அவங்க தப்பே பண்ண மாட்டாங்க" என்றாள் ஃபுமியே, வெடுக்கென்று. "முடிச்சு ஒவ்வொண்ணும் ஒரே அளவுல இருக்கும். எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவங்கதான்."

சொன்ன பிறகு தன் காதாலேயே அதைக் கேட்டாள். முப்பத்திரண்டு வருடத்தில் ஸெட்ஸுகோவிடம் சொல்லாத வார்த்தை, முத்துமாலைக்காரியிடம் வந்து விழுந்திருக்கிறது. ஊரான் வீட்டு இறைச்சியைத் திருத்த மேசை மேசையாக நடந்தவள், தன் பொய்யைத் திருத்த ஒரு எண்ணை அழுத்த மாட்டேன் என்கிறாள்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

---

பின்தளத்தில் யாரும் இல்லை. அங்கே நின்று அழைத்தாள். ஒரே மணியில் எடுத்தாள் ஸெட்ஸுகோ.

"ஃபுமியே! டாக்டர் பாத்தாரா? என்ன சொன்னாரு?"

"அக்கா, நான் ஃபுகுவோகாவுல இல்ல."

"வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டாங்களா? எது? எழுதிக்கறேன் இரு, டேய், யாராவது பேனா கொடுங்கடா."

"ஆஸ்பத்திரியே இல்லக்கா. கப்பல்ல இருக்கேன். இரியோமோத்தே பக்கத்துல. கானாகோ கூட்டிட்டு வந்தா. சும்மா... ஊர் சுத்த."

எதிர்ப்பக்கம் காற்றுச் சத்தம், ஒரு குழந்தையின் சிணுங்கல், யாரோ பியர் டப்பாவைத் திறக்கும் சத்தம். இத்தனையும் கேட்டது, ஸெட்ஸுகோவின் குரல் மட்டும் கேட்கவில்லை.

"முழங்கால்?"

"வீட்டுல இருந்தா வலிக்குது. இங்க வந்ததுலேர்ந்து இல்ல."

"ஹினுகான்கிட்ட என்ன சொன்னே?"

"அங்கயும் ஃபுகுவோகான்னுதான். நீங்க பின்னாடி வந்து நின்னுட்டீங்க."

"அடிப்பாவி! என்னை ஏமாத்தறே, சரி. அடுப்படியில இருக்கறவரையுமாடி?"

ஃபுமியே கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டாள். இதற்காகத்தானே அழைத்தாள்.

"எங்கிட்ட நேரா சொல்லியிருந்தா விட மாட்டேன்னு நினைச்சியா?"

"விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்" என்றாள் ஸெட்ஸுகோ.

அந்த ஒரு சொல்லில் பொய் இல்லை. அதனாலேயே ஃபுமியேக்கு அழுகை வந்தது.

"மன்னிச்சுக்குங்கக்கா. அந்த நேத்திக்கடனை வாபஸ் வாங்கிடுங்க. சமையல்ல குறை சொல்லுங்க. எவ்வளவு வேணா சொல்லுங்க."

"முன்னோருக்குச் சொன்னதை வாபஸ் வாங்கறதா? நீ பொய் சொல்லுவே, நான் சொல்ல மாட்டேன்." மூச்சு வாங்கினாள். "சரி. இப்ப எந்தப் பக்கம்?"

"என்னது?"

"நீ இருக்கற பக்கம்டி. அரை மணி நேரம் வடக்கே பாத்து வேண்டியாச்சு. அதெல்லாம் யார் முழங்காலுக்குப் போய்ச் சேந்துச்சோ! எந்தப் பக்கம் திரும்பணும்?"

ஃபுமியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தென்மேற்கு" என்றாள்.

தொலைபேசியை விலக்கி ஸெட்ஸுகோ கத்துவது கடலில் கேட்டது. "எல்லாரும் எழுந்திரிங்க! தென்மேற்குப் பக்கம் திரும்பி உக்காருங்க! கேள்வி கேக்காதீங்க! மொரிஹிதே, நீதான் முதல்ல திரும்பு. உனக்குத்தான் தெரியுமே எந்தப் பக்கம்னு!"

நாற்பது பேர் பாயில் புரண்டு திரும்புகிற சரசரப்பு. மொரிஹிதேயின் இருமல்.

"கப்பல் எப்போ கரைக்கு வருது?"

"நாளைக்கு மத்தியானம். இஷிகாகியில."

"டிக்கெட்டை மாத்தறேன். பெட்டியோட வந்து நிப்பேன்."

"அக்கா, விமானம்... உங்களுக்குத்தான் ஆகாதே. நானே நாளைக்கு நேரா வீட்டுக்கு..."

"வீட்டுல வேண்டாம்." குரல் சட்டென்று தணிந்தது. யாரோ கேட்டுவிடக் கூடாது என்பது போல. "எனக்கும் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ இந்த வீட்டுக்கு வந்த வருஷத்துலேர்ந்து ஹினுகான்கிட்டகூடச் சொல்லாதது. அந்த அடுப்படிக்கு எதுக்க நின்னு சொல்ல என்னால முடியாது. வை போனை. வேண்டிக்கணும்."

இணைப்பு அறுந்தது.

ஃபுமியே சட்டைப் பையிலிருந்து தட்டையான ஊதுபத்தி ஒன்றை எடுத்தாள். புறப்படும்போதே ஒளித்து எடுத்து வந்தது. கப்பலில் நெருப்பு கூடாது. நெருப்புக் கூடாத இடத்தில் பற்ற வைக்காமல் வைத்தாலும் முன்னோர் ஏற்றுக்கொள்வார்கள் என்று சொல்லிக் கொடுத்தவளும் ஸெட்ஸுகோதான்.

பத்தியை மரத்தளத்தில் வைத்தாள். நாஹா இருக்கிற வடகிழக்குப் பக்கம் திரும்பினாள். மண்டி போட்டாள்.

மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த வலி, வழி கண்டுபிடித்து, சுருக்கென்று வலது முழங்காலுக்குள் வந்து உட்கார்ந்தது.

ஃபுமியே எழுந்திருக்கவில்லை. அங்கே கல்லுத் தரையில் அவள் எழுந்திருக்கும் வரைக்கும், இங்கே இவளும் எழுந்திருப்பதாக இல்லை.